தடிக்காரன்கோணத்து ஜீப்புகள்

எங்கள் குமரி மாவட்டத்தில் கீரிப்பாறைக்கோ பாலமோருக்கோ மாறாமலைக்கோ போக வேண்டியவர்கள் தடிக்காரன்கோணம் ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கேட்பது, "வண்டி ஏதும் மேல போவுதாவே?" என்றுதான். வண்டி என்றால் ஜீப். கார் எங்களுக்கு 'பிளசர்'. அது கல்யாணத்துக்கும் வக்கீலுக்கும் டாக்டருக்கும் உரியது. மழை அறுத்துப்போட்ட சரளைப் பாதையில் கிராம்பு மூட்டையும் ரப்பர் ஷீட்டும் காய்ச்சல்காரனும் பேறுகாலப் பெண்ணும் இறங்கி வந்தது ஜீப்பில். அந்த ஜீப்புகளுக்குக் கீழே மல்லாந்து படுத்து வேலை பார்த்தவன் நான். முதலில் வடசேரியில் ஒரு பட்டறையில் ஆசானிடம் எடுபிடியாக; பிறகு தடிக்காரன்கோணத்தில் சொந்தமாக ஓலைக்கொட்டகை போட்டு. கொட்டகை பின்னால் தகரமாயிற்று. அதற்கு மேல் உயரவில்லை.

ஜீப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் போரில் தொடங்கி, உழைக்கிற வண்டி என்று சொல்லி முடிக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தது யார், அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது யார் என்று பார்த்தால், இரண்டும் ஒரே ஆளாக இருந்ததே இல்லை. வண்டி பிறந்த வருஷத்திலேயே அந்தத் தகராறு தொடங்கிவிட்டது.

1940-இல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன வேவு வண்டி கேட்டு 135 கம்பெனிகளுக்கு எழுதியது. நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும். இரும்படிக்கத் தெரிந்த எவனும் கேட்டுச் சிரிக்கிற நிபந்தனைகள். பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் நொடித்துப்போய்க் கிடந்த அமெரிக்கன் பேண்டம் என்ற சிறு கம்பெனி மட்டும் 49 நாளுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளர் வந்து உட்கார்ந்து, சில நாட்களில் படம் முழுவதையும் வரைந்து கொடுத்தார். 1940 செப்டம்பர் 23-ஆம் தேதி சாயங்காலம், கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது வண்டி ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. எடை மட்டும் சொன்னபடி இல்லை. அது யாராலும் முடியாது என்று தெரிந்து ராணுவமே பிறகு அளவை உயர்த்திக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஊர்க் காண்ட்ராக்ட்டுகளில் நடப்பதுதான். பேண்டத்தால் ஆயிரக்கணக்கில் செய்து தர முடியாது என்று சொல்லி, அதன் வண்டியையும் வரைபடத்தையும் ஒஹாயோ மாநிலம் டொலிடோ நகரத்து வில்லீஸ் ஓவர்லேண்டுக்கும், ஃபோர்டுக்கும் ராணுவம் திறந்து காட்டியது. 1941-இல் பெரிய காண்ட்ராக்ட் வில்லீஸுக்குப் போனது. அதற்கும் ஒரு நியாயம் உண்டு: வில்லீஸின் இஞ்சின். டெல்மர் ரூஸ் என்பவர் செப்பனிட்ட அந்த 2.2 லிட்டர், நாலு சிலிண்டர் இஞ்சின் 60 குதிரைச் சக்தி கொடுத்தது. மற்ற இரண்டு கம்பெனி இஞ்சின்களும் அதன் பக்கத்தில் வர முடியவில்லை. வில்லீஸ் படத்தை வைத்தே ஃபோர்டும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகளை வெளியே தள்ளின. பேண்டம் செய்தது 2,700-க்கும் குறைவு. பிறகு அதற்குக் கிடைத்த வேலை, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற ட்ரெய்லர் செய்வது. பெற்றவளுக்குத் தொட்டில் ஆட்டுகிற கூலி வேலை கொடுத்தது போல.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஜீப்பைப் படைத்ததே தாங்கள்தான் என்கிற தோரணையில் வில்லீஸ் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டது. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1943-இல் அதன்மேல் வழக்குப் போட்டு, அப்படிச் சொல்லக் கூடாது என்று 1948-இல் உத்தரவும் போட்டது. இரண்டே வருஷத்தில், 1950-இல், ஜீப் என்கிற பெயரைத் தன் சொத்தாகப் பதிந்துகொண்டது அதே வில்லீஸ். படைத்தேன் என்று சொல்லக் கூடாதாம், பெயர் மட்டும் உன்னுடையதாம். வக்கீல்களுக்கு இதில் நியாயம் தெரியலாம், பட்டறைக்காரனுக்குத் தெரியவில்லை.

போரில் ஜீப் செய்த சாகசங்கள் சினிமாவில் நிறைய வந்துவிட்டன. எனக்குப் பிடித்தது பர்மா. ரயில் இஞ்சின் இல்லாமல் கிடந்த பாதைகளில் ஜீப்பின் டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் ஏற்றிப் பெட்டிகளை இழுக்க வைத்தார்கள். பானெட்டுக்கு மேலும் பின்பக்கமும் ஸ்ட்ரெச்சர் கட்டி அடிபட்டவர்களை இறக்கினார்கள். அந்தப் பட்டாளத்தில் திருவிதாங்கூர் ஆட்களும் இருந்தார்கள். என் ஆசானுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அப்படிப் போய் வந்த ஒருவர். கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதிச் சரிபார்ப்பது, காதை உலோகக் கம்பியில் வைத்து பேரிங் சத்தம் கேட்பது, வேலைக்காரப் பையன்களை இங்கிலீஷில் திட்டுவது ஆகியவை அவர் கொண்டுவந்தவை என்று ஆசான் சொல்வார். மூன்றாவதை மட்டும் ஆசான் தமிழில் செய்தார்.

போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன வண்டிகள் 'டிஸ்போசல்' என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. செவர்லே, டாட்ஜ் லாரிகள், வில்லீஸ், ஃபோர்டு ஜீப்புகள். லாரிகளுக்குப் பஸ் பாடி கட்டினார்கள். ஜீப்புகள் எஸ்டேட்டுகளுக்குப் போயின. அசம்பு மலையில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி போட்ட காலத்திலிருந்து மேலே போவதென்றால் குதிரை, காளை வண்டி, அல்லது கால். டிஸ்போசல் ஜீப்புகளில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். நம் சாலை விதிக்கு அது தலைகீழ். ஆனாலும் எஸ்டேட் டிரைவர்கள் அதை மாற்றச் சொல்லவில்லை என்பார் ஆசான். இடது பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்து விளிம்பு நேரே கண்ணுக்குத் தெரியும். சக்கரம் எவ்வளவு ஓரத்தில் நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்க வேண்டியதில்லை. கம்பெனிக்காரன் நினைத்தே பார்க்காத வசதி அது.

அமெரிக்கக் கார்களுக்கு இந்தியாவில் அதற்கு முன்பே கடை விரித்திருந்தார்கள். ஃபோர்டு 1926-இல் இங்கே கம்பெனி தொடங்கி பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று இடத்திலும் வண்டி பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாய் சிவ்ரியில் செவர்லே பூட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு, வெறுமனே பாகம் இறக்கிப் பூட்டினால் போதாது, இங்கேயே செய்ய வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது இரண்டு பேரும் 1950-களின் தொடக்கத்தில் மூட்டை கட்டினார்கள். பிறகு 1990-களில் திரும்பி வந்து, மறுபடியும் போய்விட்டார்கள். செங்கல்பட்டுப் பக்கம் மறைமலை நகரில் ஃபோர்டு கட்டிய பெரிய ஆலை 2022-இல் நின்றது. நடுவில் போகாமல் தங்கியது ஜீப் ஒன்றுதான். தங்கியதற்குக் காரணம் அமெரிக்கர்கள் இல்லை.

1945-இல் ஜே.சி. மகேந்திரா, கே.சி. மகேந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமது என்பவரும் சேர்ந்து இரும்பு வியாபாரத்துக்காக மகேந்திரா அண்ட் முகமது என்று ஒரு கம்பெனி வைத்தார்கள். தேசம் பிரிந்தபோது குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரியானார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். இங்கே கம்பெனி 1948-இல் மகேந்திரா அண்ட் மகேந்திரா ஆயிற்று. அதற்கு முந்தின வருஷமே வில்லீஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கி பம்பாயில் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். 1950-களில் இங்கேயே செய்கிற உரிமையும் கிடைத்தது. அப்படி வந்ததுதான் எங்கள் தலைமுறை ஜீப் என்று அறிந்த சிஜே-3பி, உயர்ந்த மூக்கு ஜீப். வில்லீஸ் தன் இஞ்சினில் வால்வை மேலே ஏற்றி வைத்துச் சக்தியைக் கூட்டியது, இஞ்சின் உயரமாகிவிட்டது, பழைய பானெட் மூடவில்லை, பானெட்டையே உயர்த்திவிட்டார்கள். அழகு பார்க்காத வேலை. அமெரிக்காவில் 1968-இல் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். இங்கே அந்த மூஞ்சி அதற்குப் பிறகும் பல பத்து வருஷம் வெவ்வேறு பெயரில் ஓடியது.

ஜீப் உறுதியான வண்டி என்று சொல்வது பாதிதான் உண்மை. ஜீப் அடிக்கடி கெடும். ஓடையைக் கடந்தால் பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் ஏறிப் பிரேக் பிடிக்காது. ஸ்டியரிங்கில் எப்போதும் பிளே இருக்கும்; முன்சக்கரம் திடீரென்று நடுங்க ஆரம்பித்தால் கை தோளோடு ஆடும். டிரைவர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டாங்க். அதன்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு கரும்பாறை ஏறியவர்களை எனக்குத் தெரியும். வளைவில் வேகம் எடுத்தால் கவிழும். இதைச் சொன்னால் ஜீப் பைத்தியங்களுக்குக் கோபம் வரும். ஆனால் 1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே சிஜே-5 எப்படிக் கவிழ்கிறது என்று போட்டுக் காட்டி, கம்பெனியின் பேர் கெட்டது.

பிறகு ஏன் மலையில் ஜீப்தான் என்றார்கள்? கெட்ட இடத்திலேயே அது எழுந்திரிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். தகடு எல்லாம் தட்டை. நெளிந்தால் கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் தட்டிவிடலாம். பானெட் இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற கொக்கியில் மாட்டியிருக்கும். விரலால் நெம்பினால் திறக்கும். உள்ளே கையை விட இடம் உண்டு. செல்ஃப் எடுக்காவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம். இரண்டு மூன்று ஸ்பேனரும் ஒரு திருப்புளியும் தெரிந்த எவனும் பாதி வேலையைப் பார்த்துவிடுவான். புஷ், பின் தேய்ந்தால் கோட்டாற்றிலும் வடசேரியிலும் லேத்தில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். டாங்க் ஒழுகினால் பார் சோப்பை மாவாய்ப் பிசைந்து அடைத்துவிட்டுக் கீழே வரை வந்துவிடலாம். பேன் பெல்ட் அறுந்துபோய், பழைய ட்யூபை வாராக அறுத்துக் கட்டி, பாலமோரிலிருந்து வண்டியை என் கொட்டகை வரை கொண்டுவந்த டிரைவர் ஒருவர் உண்டு. வந்து இறங்கியவர் என்னிடம் காட்டியது பெல்ட்டை இல்லை. "ஹாரன் அடிக்க மாட்டேங்கு, அதப் பாரு மக்கா" என்றார்.

கியர் லிவருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லிவர் இருக்கும். ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மற்றதை இழுத்தால் வேகம் பாதிக்கு மேல் குறைந்து இழுவை கூடும். நல்ல டிரைவர் யார் என்று அந்த லிவரைத் தொடுகிற விதத்தில் தெரியும். சேற்றில் இறங்கிய பிறகு 'போர்வீல்' போடுகிறவன் கற்றுக்குட்டி. இறங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் நடை வேகத்தில் ஏற்றுகிறவன் டிரைவர். அப்படிப்பட்டவர்களுக்கு எஸ்டேட்டுகளில் மரியாதை இருந்தது. சம்பளம் அந்த அளவுக்கு இல்லை.

மலைக்கு வெளியே, நெல்வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் கீழ்நாட்டில், ஜீப்புக்கு வேறு பேர். அங்கே அது அரசாங்கம். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது முதல், வளர்ச்சி அதிகாரி என்றால் கூடவே ஒரு ஜீப் என்று ஆயிற்று. மலேரியா ஒழிப்புக்கு அமெரிக்க உதவியில் டி.டி.டி. மருந்து வந்தபோது அதைத் தெளிக்கிறவர்களைச் சுமந்து வந்ததும் ஜீப். சுகாதார நிலையங்களுக்கு யுனிசெஃப் கொடுத்த வண்டிகள் கதவில் அந்த எழுத்தோடு நின்றன. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆட்சி மொழி மாறியது, கொடுக்கிற மனுவின் மொழி மாறியது. மனுவை வாங்கிக்கொண்டு போகிற வண்டி மாறவில்லை.

ஜீப் சத்தம் கேட்டால் ஊர் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். கூட்டுறவுக் கடன்காரர் வீட்டில் வெண்கலப் பாத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போகும், ஜப்தி ஜீப். சாராயம் காய்ச்சுகிறவன் தோப்புக்குள் மறைவான்; போலீஸ் ஜீப். காட்டில் மரம் வெட்டியவன் மரத்தையே மறைக்கப் பார்ப்பான்; ஃபாரஸ்ட் ஜீப். நெருக்கடி நிலை சமயத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்ட ஜீப்பைக் கண்டு ஆண்பிள்ளைகள் வரப்பில் ஓடியதைப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஆறேழு வண்டிகளின் சைலென்சரை நானே ஒட்டிக் கொடுத்திருந்தபடியால், வருவது எந்த ஆபீஸ் என்று என்னால் சத்தத்தில் சொல்ல முடியும். சிலர் அதற்காகவே என் கொட்டகையில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அரசாங்க ஜீப்புக்கு வேலை பார்த்தால் பில் பாஸாகிக் காசு கைக்கு வர மழைக்காலம் தாண்டிவிடும். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் ஒரே மாதிரிதான்.

சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று எழுதப்படுவதும் ஜீப்பின் பேரில்தான் இருக்கிறது. 1948-இல் காஷ்மீர்ச் சண்டைக்கு அவசரமாக வண்டி வேண்டும் என்று, லண்டனில் இந்திய ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழக்கமான முறைகளை ஒதுக்கிவைத்து, 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். அவையும் ஓடுகிற நிலையில் இல்லை என்றார்கள். பார்லிமெண்டில் வருஷக்கணக்காகக் கேள்வி கேட்டார்கள். 1955-இல் இது முடிந்த விஷயம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. மறு வருஷம் பிப்ரவரியில் மேனன் மத்திய மந்திரி. கெட்ட பேர் வண்டியோடு நின்றுவிட்டது.

தேர்தல் ஜீப்பைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னை விட மாட்டார்கள். எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி 1968-இல் இறந்ததால் நாகர்கோவில் பார்லிமெண்ட் தொகுதிக்கு 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. 1967-இல் விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர் இங்கே வந்து நின்றார்; ஜெயித்தார். அந்தத் தேர்தலில் மாவட்டத்தில் ஓடக்கூடிய ஜீப் ஒன்றுகூட வாடகைக்குப் போகாமல் நின்றதில்லை, ஓடாததையும் தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்கள் என்று ஆசான் சொல்வார். இரண்டு கட்சி ஜீப்பும் பட்டறை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமாம். கொடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பது என்று ஆசான் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

மலையில் ஜீப்பின் பொற்காலம் என்றால் அதற்குப் பிறகுதான். 1960-களிலிருந்து வனத்துறை ரப்பர் வைத்தது. 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். 1984-இல் அரசு ரப்பர் கழகம் வந்தது. பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன் வேலைக்கு இறங்க வேண்டியவர்கள். அவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் மேலே போக வேண்டும், சுகமில்லாதவர்கள் கீழே வர வேண்டும். பஸ் ஒன்றிரண்டு தடவை வந்து போகும். மிச்சத்தை ஜீப் பார்த்துக்கொண்டது. ஆள் கணக்கை ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல முடியாது. உள்ளே உட்கார்ந்தவர்கள் போக பானெட்மேல் இருவர், பின்னால் படியில் தொங்குகிறவர்கள், ஸ்டெப்னியைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பையன். ராத்திரியில் பேறுகாலம் என்றால் இத்தனை பேரும் கிடையாது. பாய் விரித்து, தலைமாட்டில் ஒரு கிழவி, கோட்டாறு பெரியாஸ்பத்திரி வரை எங்கும் நிற்காமல். அந்த ஓட்டத்துக்கு வாடகை கேட்ட டிரைவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. இரண்டு வகையும் ஊருக்குத் தெரியும்.

1973-இல் பெட்ரோல் விலை ஏறியதும் கதை வேறாயிற்று. அந்தப் பழைய இஞ்சின் பெட்ரோலை நன்றாகக் குடிக்கும். மகேந்திரா தன் டிராக்டரில் இருந்த இன்டர்நேஷனல் டீசல் இஞ்சினை ஜீப்புக்குள் இறக்கியது. பிறகு பிரான்சு தேசத்துப் பெஜோ கம்பெனியின் டீசலை உரிமம் வாங்கிப் போட்டது. எம்எம் 540 என்று எங்கள் பக்கம் கொண்டாடிய வண்டி அதுதான். அமெரிக்க எலும்பு, பிரெஞ்சு இதயம், கோட்டாற்றுக் கடைசல் புஷ். பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் கிடைத்த டீசல் இஞ்சினைக் கொண்டுவந்து ஏற்றித் தரச் சொன்னார்கள். மவுண்டிங் புதிதாக அடிக்க வேண்டும், புரோப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சேர்க்க வேண்டும். என் கையில் காசு புரண்டது அந்த வேலையில்தான்.

1997-இல் தமிழ்நாட்டில் மினி பஸ் வந்தது. பிறகு தார் ரோடு மேலே ஏறியது. 2008-இல் 108 ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றும் ஜீப்பிடமிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொண்டது. அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? வயிற்றுப்பிள்ளைக்காரி ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையில் குலுங்கி வருவதைவிட ஆம்புலன்ஸில் வருவது நல்லது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்துப் போட்டபோது மட்டும் பழைய ஜீப்புகளைத் தேடி ஆள் வந்தது. சங்கிலி கட்டி, லோ கியர் போட்டு, ரோட்டை மறித்த மரங்களை இழுத்தார்கள். அந்த வாரம் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியது குறைவு.

இதற்குள் அமெரிக்காவில் ஜீப் என்ற பெயர் வீடு வீடாக மாறியிருந்தது. வில்லீஸை 1953-இல் கைசர் வாங்கியது. 1970-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ். 1987-இல் கிரைஸ்லர். 1998-இல் கிரைஸ்லரையே ஜெர்மனியின் டைம்லர் சேர்த்துக்கொண்டது. பிறகு இத்தாலியின் ஃபியட். 2021 முதல் ஸ்டெல்லாண்டிஸ், அதற்குத் தலைமையகம் நெதர்லாந்தில். வாங்கியவர்களில் பலர் நொடித்தார்கள். பெயர் மட்டும் நொடிக்கவில்லை. முன்கிரில்லின் ஏழு கீற்றைச் சட்டம் போட்டுக் காக்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. போர்க்கால ஜீப்பில் கீற்று ஒன்பது. தகட்டை அப்படி அழுத்தி வெட்டுகிற யோசனை ஃபோர்டுடையது.

2018-இல் மகேந்திரா ராக்ஸர் என்று ஒரு வண்டியை அமெரிக்காவிலேயே விற்கத் தொடங்கியது. ரோட்டில் ஓட்டுகிற வண்டி இல்லை. பண்ணைக்கும் காட்டுக்கும் உள்ளது. பார்த்தால் நம் பழைய ஜீப்தான். பூட்டிய இடம் மிச்சிகன் மாநிலம் ஆபர்ன் ஹில்ஸ்; கிரைஸ்லரின் தலைமையகம் இருக்கிற அதே ஊர். பக்கத்துத் தெருவில் போய்க் கடை போட்டால் சும்மா இருப்பார்களா? அந்த வருஷமே புகார் கொடுத்தார்கள். எங்கள் வண்டியின் தோற்றம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் பெட்டி போன்ற உடம்பு, தட்டையான பக்கங்கள், கீற்றுக் கிரில், வெளியே தெரிகிற பானெட் கொக்கி எல்லாம் இருந்தன. நான் காலமெல்லாம் விரலால் நெம்பித் திறந்த கொக்கி. 2020-இல் தீர்ப்பு கிரைஸ்லர் பக்கம் வந்தது. மகேந்திரா மூஞ்சியை மாற்றிச் செய்தது. மாற்றியது செல்லும் என்று அந்த வருஷக் கடைசியில் சொன்னார்கள்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வடிவத்தை வில்லீஸ் மாநிலம் மாநிலமாக விளம்பரம் போட்டு எங்கள் ஊரில் விற்கவில்லை. அவர்கள் நிறுத்திவிட்ட மாடலை இங்கே உருட்டிக்கொண்டே இருந்தது மகேந்திரா. மகேந்திரா கம்பெனிக்கும் தெரியாத வேலைகளை அதில் செய்து ஓட வைத்தது பட்டறைக்காரர்களும் டிரைவர்களும். பட்லர் ஊர்ப் பேண்டத்துக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைத்தது என்று ஆசான் இருந்தால் சொல்லியிருப்பார். மகேந்திராமேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தார் என்று இப்போது விற்கிற வண்டியில் ஏ.சி.யும் டச் ஸ்கிரீனும் இருக்கிறது. எஸ்டேட்டில் மூட்டை ஏற்ற அதை வாங்கியவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

அசல் ஜீப் கம்பெனியும் 2016-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. மறு வருஷம் முதல் பூனா பக்கம் ரஞ்சன்கானில் காம்பஸ் என்ற வண்டியைச் செய்கிறார்கள். நாகர்கோவிலில் சிலரிடம் இருக்கிறது. காளிகேசம் போகிற வழியில் ஒருவர் என் கொட்டகையில் நிறுத்தி, ஏதோ விளக்கு எரிகிறது என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் மூடிக்கு மேல் பிளாஸ்டிக் மூடி. கம்ப்யூட்டர் மாட்டினால்தான் தெரியும், ஷோரூமுக்கே கொண்டுபோங்கள் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது என்னிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் பழைய ஜீப் வாங்க யோசனை கேட்கிற இளவட்டங்கள். 2023 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளுக்குப் பதிவு ரத்து என்று வந்த பிறகு, ஆபீஸ் வாசல்களில் நின்ற ஜீப்புகள் கழிவு இரும்பாகப் போகின்றன, ஆர்.சி. உயிரோடு இருக்கிற தனியார் ஜீப்புக்கு விலை ஏறிவிட்டது. நான் அவர்களுக்குச் சொல்வது: மணக்குடி, குளச்சல் பக்கத்து வண்டி பெயிண்ட் பளபளப்பாக இருந்தால் உடனே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உப்புக்காற்று உள்ளிருந்து தின்னும். கீழே படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தில் சேசிஸ் சட்டத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மலை வண்டி நெளிந்திருக்கும், ஆனால் சட்டம் இருக்கும். சேசிஸ் நம்பரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். டீசல் இஞ்சின் ஏற்றியிருந்தால் அது புக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் இருந்தால் எஃப்.சி.க்குப் போகும்போது வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வர வேண்டியிருக்கும். முன்னால் வில்லீஸ் என்று எழுத்து ஒட்டியிருந்தால் அதற்காக ஐயாயிரம் கூடக் கேட்பார்கள். அந்த எழுத்து நாகர்கோவிலிலேயே வெட்டித் தருகிறார்கள்.